குட்டியானையில் பைக் ஏற்றும்போது: ஸ்டேண்டை மடக்குங்கள், ஃபோர்க்கை அமுக்குங்கள்

"சைடு ஸ்டேண்டு போட்டு நாலாப்பக்கமும் கவுறு கட்டிட்டேனுங்ணா, வால்பாறை வரைக்கும் அசையாதுங்ணா." லோடு டிரைவர் இப்படிச் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தினமும் ஏற்றுவது தேங்காய் மூட்டையும் நூல் பையும் மாட்டுத்தீவனமும். மூட்டைக்கு ஸ்பிரிங் கிடையாது. பைக்குக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றோ இரண்டோ உண்டு. பைக் கட்டுவதில் இருக்கிற சிக்கலெல்லாம் அங்கேதான்.

ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் உள்ள இரட்டைக் குழாய்) முழுக்க நீண்டிருக்கும் நிலையில் கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் அது நின்றிருக்கும் வண்டிக்கு மட்டும்தான் இறுக்கம். லோடு வண்டியின் பாடி (சரக்கு வைக்கும் பெட்டி) ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பைக்கின் எடை ஃபோர்க்கை இரண்டு அங்குலம் அமுக்கும். அந்த நொடியில் கயிறும் அதற்கேற்பத் தளரும். தளர்ந்த கயிற்றில் கொக்கி வாய் திறந்த மாதிரிதான். அடுத்த குலுக்கலில் ஒரு பக்கக் கொக்கி கழன்றால் மறுபக்கக் கயிறே பைக்கை இழுத்துச் சாய்க்கும். அவிநாசி ரோட்டில் நேராக நின்றே வந்த பைக், ஊருக்குள் திரும்பியதும் முதல் வேகத்தடையிலேயே விழுவது இதனால்தான்.

ஆகவே பைக் தன் இரண்டு சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும். முன் ஃபோர்க் ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில் கட்டியிருக்க வேண்டும். அப்போது மேடு பள்ளத்தில் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் அமுங்கினாலும், நீள முயன்று கொண்டிருக்கும் ஸ்பிரிங், கட்டியிருக்கும் பெல்ட்டை (கயிற்றுக்குப் பதில் போடும் பட்டை) விறைப்பாகவே வைத்திருக்கும். சைடு ஸ்டேண்டு போட்டால் இது நடக்காது. கீழ்நோக்கி இழுக்கும் விசை ஸ்டேண்டின் ஒரே போல்ட்டிலும் இறங்கும். ஸ்டேண்டு வளையும், அது பொருத்தியிருக்கும் சட்டத்துக் காது வெல்டிங்கில் விரியும், பாடியின் தகடும் குழியும். சென்டர் ஸ்டேண்டும் அப்படித்தான். பிரேக் பிடித்தால் பைக் முன்னால் உருண்டு ஸ்டேண்டிலிருந்து இறங்கிவிடும், கட்டு மொத்தமும் ஒரேயடியாகத் தளரும்.

வண்டியைப் பேசும்போதே நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் பாடி உள்ளளவு நீளம் சுமார் 2200 மி.மீ., அகலம் 1490 மி.மீ. ஸ்பிளெண்டர் 2000 மி.மீ. நீளம், தாராளமாக நிற்கும். கிளாசிக் 350 புல்லட் 2145 மி.மீ., பின் கதவு மூடும், ஆனால் முன்னால் இரண்டு அங்குலப் பலகை வைத்தால் இடம் மிச்சமே இருக்காது. கதவைத் திறந்து தொங்கவிட்டு ஓட்டலாம் என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பொலேரோ பிக்கப் மாதிரி நீளமான பாடியைக் கேளுங்கள். டிராக்டர் டிரெய்லர் வேண்டவே வேண்டாம். பல டிரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங்கே இருக்காது, ரோட்டுக் குழியெல்லாம் நேராகப் பைக்குக்கு வந்து சேரும். தோட்டத்துக்குள் நாலு ஃபர்லாங் என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் போகாதீர்கள்.

பாடிக்குள் கட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லோடு வண்டியில் கயிறு மாட்டும் கொக்கிகள் பக்கச் சுவருக்கு வெளியே, கீழே இருக்கும். தார்ப்பாய் கட்ட அது போதும். பைக்குக்கு அதில் மாட்டினால் பெல்ட் பக்கச் சுவரின் மேல் விளிம்பில் மடிந்து இறங்கும். தகட்டு விளிம்பு பெல்ட்டை அறுக்கும், ஓட ஓட மடிந்த இடம் நகரும், கட்டும் தளரும். வேறு வழியில்லாமல் அதில்தான் மாட்ட வேண்டும் என்றால் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு மடிப்பு வைத்துக் கட்டிவிடுங்கள். அடிக்கடி பைக் ஏற்றுகிறவர்கள், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ரேஸ் பைக் கொண்டுபோகிறவர்கள் மாதிரி, ஒரே ஒரு தடவை வெல்டிங் பட்டறைக்குப் போய் வருவது நல்லது. 12 மி.மீ. கம்பியில் வளையம் வளைத்து, தரைத் தகட்டை மட்டும் துளைக்காமல், அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு, அடியில் 6 மி.மீ. தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். முன் மூலைகளில் இரண்டு, பின்னால் இரண்டு, நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஒன்றொன்று. ஆறு வளையம் இருந்தால் எந்த பைக்கையும் கட்டலாம். மூடிய கண்டெய்னர் பாடி என்றால் வளையம் தரையில்தான் இருக்க வேண்டும். பக்கச் சுவரின் பிளைவுட்டில் ஸ்குரூ போட்ட வளையம் இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும்.

ஏற்றுவதற்கு நல்ல இடம் பாடி உயரத்துக்கு ஒரு மேடை. நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மில் குடோன் பிளாட்பாரம், பால் சொசைட்டித் திண்ணை, வாய்க்கால் கரைச் சரிவு, கொப்பரைக் களத்து ஓரம், எது இருந்தாலும் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி இரண்டடிப் பலகையில் பைக்கைத் தள்ளிவிடலாம். மேடை இல்லாவிட்டால் சாய்வுப் பலகை. பாடி தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வையுங்கள். 5 அடிப் பலகை போட்டால் சாய்வு 30 டிகிரி, மூன்று பேருக்கும் மூச்சு வாங்கும், மேல் விளிம்பில் பைக்கின் வயிறும் சைலன்சரும் தட்டும். 8 அடிப் பலகை போட்டால் 18 டிகிரிதான், இரண்டு பேர் போதும். கட்டட வேலைக்குச் சாரத்தில் போட்டு வெயிலில் காய்ந்த பலகையை நம்பாதீர்கள், நடுவில் முறியும். இரண்டு அங்குலக் கனம், ஓரடி அகலம், முடிச்சில்லாத மரம் வேண்டும், அல்லது எல் ஆங்கிளில் செக்கர் தகடு அடித்த இரும்புச் சாய்வு. பலகையின் மேல் முனையைக் கட்டாயம் பாடியோடு கட்டுங்கள். சக்கரம் ஏறும்போது அது பலகையைப் பின்னால் உதைக்கும். பலகை வழுக்கி விழுவதுதான் ஏற்றும்போது நடக்கும் விபத்துகளில் மோசமானது, பைக்கோடு ஆளும் கீழே போவார். பக்கத்திலேயே இன்னொரு பலகை, பைக் தள்ளுகிறவர் நடந்து ஏறுவதற்கு. இன்ஜினைப் போட்டு மேலே உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள், பாடி நீளம் ஏழடிதான்.

ஏற்றுமுன் பாடியைப் பெருக்குங்கள். மஞ்சள் தூள், தேங்காய் நார், எம்.சாண்ட், எது கிடந்தாலும் டயருக்கு அடியில் உருளும். டீசலோ எண்ணெயோ சிந்தியிருந்தால் பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு ஒரு ரப்பர் பாயைப் போடுங்கள். பைக்கை அந்த இடம் வரை ஓட்டி வந்திருந்தால் சைலன்சர் ஆறும் வரை பெல்ட்டை எடுக்காதீர்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருப்பது நல்லது, விழுந்தால் ஒழுகுவது குறையும்.

இனி முன்பக்கம். இங்கே அவசரப்படாதீர்கள்.

முன் சக்கரம் பாடியின் முன் சுவரில் நேராக முட்ட வேண்டும். சுவர்த் தகடு மெல்லிசாக இருந்தால் குறுக்கே இரண்டு அங்குலப் பலகை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். பலர் இந்த இடத்தில் பழைய டயரை வைப்பார்கள், வண்டிக்கு நோகாது என்று. டயர் அமுங்கும், அமுங்கிய அளவுக்கு முன் பெல்ட் தளரும். பலகைதான் சரி. சக்கரத்தின் இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து ஒரு பொறி மாதிரி அடித்திருந்தால் இன்னும் நல்லது, சக்கரம் பக்கவாட்டில் வழுக்காது. ஹேண்டில் லாக் போடாதீர்கள். லாக் போட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும், ஒரு பக்க பெல்ட் மட்டும் நீளமாகும்.

பெல்ட் மாட்டும் இடம் ஹேண்டில்பார் முனை இல்லை. ஹேண்டில்பார் குழாய், கிளாம்பில் சுற்றும், இழுத்தால் வளையும், கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் நடுவில் நசுங்கும். ஃபோர்க் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ் டீக்கு மேலே, ஃபோர்க் குழாயை ஒட்டி, பக்கத்துக்கு ஒரு துணிக் கண்ணியைச் சுற்றுங்கள். கண்ணிக்குள் ஒரு ஒயரோ கேபிளோ சிக்கியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெல்ட்டின் கொக்கி அந்தக் கண்ணியில் மாட்டட்டும், இரும்பு இரும்பைத் தொட வேண்டாம். ராட்செட் (பெல்ட்டைச் சொடுக்கிச் சொடுக்கி இறுக்கும் கருவி) இருக்கும் முனை பாடி வளையத்தின் பக்கம் வர வேண்டும். மாற்றி மாட்டினால் ராட்செட் ஓட்டத்தில் ஆடி டேங்கைக் கொத்தும்.

பெல்ட் முன்னாலும் வெளிப்பக்கமும் சாய்ந்து இறங்க வேண்டும். டீ பாடித் தளத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். பாடியின் நடுவிலிருந்து ஓரமும் ஏறக்குறைய இரண்டரை அடி. நடுவில் பைக்கை நிறுத்தினால் பெல்ட் தானாகவே 45 டிகிரி சாய்வில் விழும். ஃபோர்க்கைக் கீழே அமுக்கவும் பக்கவாட்டில் பிடிக்கவும் இதுதான் பொருத்தமான கோணம்.

இடப்பக்க பெல்ட்டை முதலில் மாட்டுங்கள், பைக் சைடு ஸ்டேண்டில் சாய்ந்திருக்கும்போதே, அரை இறுக்கத்தில். பிறகு வலப்பக்க ராட்செட்டை இழுக்க இழுக்க பைக் நிமிரும். நிமிர்ந்ததும் ஸ்டேண்டை மடக்கிவிட்டு, ஒருவர் சீட்டில் கை வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு ராட்செட்டையும் மாற்றி மாற்றி இரண்டு இரண்டு சொடுக்காக இறுக்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பைக் கோணலாகத்தான் நிற்கும்.

எவ்வளவு அமுக்குவது? டேப் வைத்து அளந்துவிடலாம். பைக்கை நேராகப் பிடித்து, பெல்ட் இல்லாமல், ஹேண்டில் முனை தளத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். கட்டி முடித்ததும் அது 4 முதல் 5 செ.மீ. குறைந்திருக்க வேண்டும். கிளாசிக் 350இன் ஃபோர்க் மொத்தமே 130 மி.மீ.தான் நகரும். அதில் தன் எடைக்கே கொஞ்சம் இறங்கியிருக்கும், நாம் அமுக்குவது மீதியில் பாதி. முழுக்க அடிவரை அமுக்கினால் குழியில் விழும்போது இறங்க இடமில்லாமல் அடி நேராகச் சட்டத்துக்குப் போகும், ஆயில் சீலும் கசியும். "அமுக்கினாலே சீல் போயிரும்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வது இதைப் பார்த்துத்தான். பாதி அமுக்கினால் ஒரு நாள் பயணத்தில் சீலுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க, நாள்கணக்கில், அப்படியே கட்டிப்போட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பின்பக்கத்தின் வேலை வேறு. அங்கே ஸ்பிரிங்கை அமுக்கத் தேவையில்லை. பின் சக்கரம் துள்ளாமலும் பக்கவாட்டில் நகராமலும் இருந்தால் போதும். ஆகவே சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு ஸ்விங் ஆர்மில் கட்டுங்கள், அச்சுக்குப் பக்கத்தில். ஸ்விங் ஆர்ம் ஷாக் அப்சார்பருக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்தது. மேலே சட்டம் எவ்வளவு ஆடினாலும் அங்கே கட்டிய பெல்ட் தளராது. இரண்டு பக்கமும் பின்னாலும் வெளியேயும் சாய்த்து இறக்குங்கள். செயினையும் டிரம் பிரேக் கம்பியையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் பெல்ட் பைக்கை முன்னால் இழுக்கும், பின் பெல்ட் பின்னால் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் அது அசையாது. கடைசியாக முதல் கியரைப் போட்டு, முன் பிரேக் லிவரை ஒரு டியூப் துண்டால் கைப்பிடியோடு சுற்றிவிடுங்கள்.

ஸ்கூட்டருக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. டீ முன் ஏப்ரனுக்குள் மறைந்திருக்கும். ஹேண்டிலில் கட்டினால் பிளாஸ்டிக் உடையும். கால் வைக்கும் தளத்தின் மேல் மடித்த சாக்கையோ போர்வையையோ போட்டு, குறுக்கே ஒரு அகலப் பெல்ட்டை இரண்டு பக்க வளையத்துக்கும் இறக்குங்கள். அந்தத் தளத்துக்கு அடியில் சட்டக் குழாய் ஓடுகிறது, தாங்கும். பின்னால் கைப்பிடியில் இரண்டு பெல்ட், முன் சக்கரத்தை ரிம்மோடு சேர்த்து ஒரு பெல்ட்.

ஒரே ஏஸில் இரண்டு பைக் என்று கேட்பவர்கள் அதிகம். ஸ்பிளெண்டர் அகலம் 720 மி.மீ., இரண்டு சேர்த்து 1440. பாடி 1490. கணக்குப்படி நிற்கும், ஆனால் ஹேண்டில்கள் ஒன்றையொன்று உரசும். ஒன்றைத் திருப்பி நிறுத்தினால் உரசாது, ஆனால் திருப்பிய வண்டியின் முன் சக்கரத்துக்கு முட்ட முன் சுவர் இருக்காது, பின் கதவுதான் இருக்கும். கதவுத் தாழ்ப்பாளை நம்ப வேண்டாம். அதைவிடப் பெரிய குறை பெல்ட்டின் கோணம். பைக் ஓரத்துக்கு ஒன்றேகால் அடி தூரத்தில் நின்றால் வெளிப்பக்க பெல்ட் இன்னும் செங்குத்தாக இறங்கும், அமுக்கும், ஆனால் பக்கவாட்டில் அவ்வளவாகப் பிடிக்காது. உள்பக்க பெல்ட்டை நடுக்கோட்டு வளையத்தில் மாட்டினாலும் இதே கதைதான். சமவெளியில் மெதுவாகப் போகலாம். மலைக்கு ஒரு வண்டியில் ஒரு பைக் மட்டும் ஏற்றுங்கள்.

பெல்ட் பற்றி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிச் சாமான் கடைகளில் ராட்செட் பெல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாலியஸ்டர் பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள், நைலானை விட அது நீள்வது குறைவு. லேபிளே இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். லேபிளில் அறுபடும் எடையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். லோடு கட்டும் ஐரோப்பியக் கணக்கில், ரோட்டில் போகும் வண்டிக்கு முன்னோக்கிய விசை சரக்கின் எடையில் 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கு. 195 கிலோ புல்லட்டுக்கு அது முன்னால் 156 கிலோ, பக்கவாட்டில் சுமார் 98 கிலோ. 45 டிகிரி சாய்வில் பெல்ட்டின் இழுப்பில் 0.7 பங்குதான் பக்கவாட்டுக்கு வேலை செய்யும். ஓரங்குல பெல்ட் நல்லதாக இருந்தால் சாதாரண பைக்குக்குப் போதும். புல்லட்டுக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் போடுங்கள். வெயிலில் வெளுத்தது, ஓரம் பிசிறியது, ஒரு இடத்தில் உருகிக் கெட்டியானது, இவற்றைத் தூக்கிப் போடுங்கள். ராட்செட் உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது விழ வேண்டும். நீளத்தை முன்கூட்டியே இழுத்துவிடாமல் முழுவதையும் சுற்றினால் உருளை அடைத்துக்கொண்டு திறக்காது. மீதி வாலை முடிந்து விடுங்கள், காற்றில் பறந்து டயரில் சுற்றும். நீண்டு ஓடும் பெல்ட்டில் ஒரே ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அதிர்ந்து தேயாது.

கயிறுதான் இருக்கிறது என்றால்? தேங்காய் நார்க்கயிறு பெயிண்டை அரம் போல ராவும். கடையில் நைலான் என்று விற்கும் பளபளப்பான கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், முடிச்சு நிற்காமல் வழுக்கும், வெயிலில் நொறுங்கும். உண்மையான நைலான் நனைந்தால் நீளும். எதுவானாலும் லாரியில் தார்ப்பாய் கட்டுவது போல நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையை வளையத்தில் விட்டுத் திருப்பி அந்தக் கண்ணிக்குள் இழுத்தால்தான் ஃபோர்க் அமுங்கும் அளவுக்குப் பலம் கிடைக்கும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று இழுக்க வேண்டியிருக்கும். திறந்த பாடியில் பைக்கின் மேல் தார்ப்பாய் போர்த்தாதீர்கள். உள்ளே புகும் தூசியோடு அது படபடத்து டேங்கை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

கிளம்பும் முன் ஹேண்டிலைப் பிடித்து உலுக்குங்கள். பைக் ஆடினால் பாடியும் சேர்ந்து ஆட வேண்டும். பைக் மட்டும் ஆடினால் மறுபடி இறுக்குங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு முழுக் காப்பீடு இருந்தால், ரோடு வழியாகவோ ரயிலிலோ கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அடங்காது. முதல் 10 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். புது பெல்ட் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும், மூடிய பாடி என்றால் கண்ணாடியில் எதுவும் தெரியாது. அதன் பிறகு மணிக்கு ஒருமுறை.

மலை என்றால் அடிவாரத்தில் நிற்காமல் ஏறாதீர்கள். வால்பாறைக்கு ஆழியாறில், 40 கொண்டை ஊசி வளைவு தொடங்கும் முன். திம்பத்துக்குப் பண்ணாரியில், 27 வளைவுக்கு முன். ஏறும்போது பைக்கின் எடை பின்னால் சாயும், அதைப் பிடிப்பது முன் பெல்ட். ஆகவே அடிவாரத்தில் முன் பெல்ட்டைப் பாருங்கள். இறங்கும் முன் முன் சுவர்ப் பலகையையும் பின் பெல்ட்டையும் பாருங்கள். வளைவில் டிரைவர் வேகமாகத் திருப்பினால் 98 கிலோ பக்கவாட்டில் தள்ளும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

இறக்கும்போது ஏற்றியதற்கு நேர் எதிர் வரிசை. பின் பெல்ட் இரண்டையும் கழற்றுங்கள். ஒருவர் வலப்பக்கம் நின்று சீட்டையும் ஹேண்டிலையும் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்டேண்டை இறக்கிவிட்டு, வலப்பக்க முன் ராட்செட்டை முதலில் தளர்த்துங்கள். ராட்செட்டைத் திறக்கும்போது ஃபோர்க் சட்டென மேலே எழும், அந்த நேரம் முகத்தை ஹேண்டிலுக்கு மேலே வைக்காதீர்கள். பைக் ஸ்டேண்டில் சாய்ந்ததும் இடப்பக்கம். பலகையில் பின்னோக்கி இறங்கும்போது எடை பின் சக்கரத்தில் இருக்கும், முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். இன்ஜின் அணைந்திருக்க, முதல் கியரில், கிளட்ச் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்தே இறக்குங்கள். கிளட்ச்சை விட்டால் பின் சக்கரம் நின்றுவிடும், பிடித்தால் உருளும்.